பனிக்காலத்துக்கு இப்போதே தயாராகுங்கள்

நண்பர்களே, முதல் பனி விழுந்ததும் ‘பனி விளையாட்டுக்கு என்ன வாங்குவது, எங்கே போவது’ என்று குழுவில் கேள்விகள் குவிவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பனிச்சறுக்கில் முதலில் ஓய்ந்துபோவது தொடைதான். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 30 விநாடி இருந்து பழகுங்கள், அப்புறம் மெதுவாக ஒரு நிமிடத்துக்கு ஏற்றலாம்.

பருத்தி உடை வேண்டவே வேண்டாம். போன வருடம் நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய், விழுந்து எழுந்து மறுபடி விழுந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே துணி அட்டை மாதிரி விறைத்துவிட்டது, பல் தந்தியடித்ததைச் சிலர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணி, மேலே காற்று புகாத ஜாக்கெட். பூட்ஸுக்குள் ஒரு ஜோடி சாக்ஸ் போதும். இரண்டு போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் மரத்துப்போகும்.

பலகை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் முதல் வருடம் வாடகைக்கே எடுங்கள். உண்மையில் பணத்தைத் தின்பது சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான சீட்டு. அது வேண்டாம் என்பவர்கள் பக்கத்துக் காட்டுப்பாதையில் பனியில் புதையாத அகலமான பனிக்காலணி மாட்டி நடக்க வரலாம், பிள்ளைகளுக்கு ஒரு சின்ன மேடும் உட்கார்ந்து சறுக்கும் ஸ்லெட்ஜும் போதும்.

உறைந்த ஏரியின் மேல் இறங்குவது என்றால் மட்டும் அவசரம் கூடாது. தெளிந்த பனிக்கட்டி 10 செ.மீ. தடிமனாவது இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு.

குளிரில் கைபேசி பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்பையில் வையுங்கள். சரி, கூடுதல் ஸ்லெட்ஜ் வைத்திருப்பவர்கள் யார்?