மிளகா நாத்து ஏன் சாயுது

கண்ணு,

நீ அனுப்புன மிளகா நாத்து போட்டோ பாத்தேன். தண்டு மெலிசா நீண்டு போய் ஜன்னல் கண்ணாடியில முட்டிகிட்டு நிக்குது. நல்லா வளருதுப்பான்னு எழுதியிருக்க, ஆனா அது வெளிச்சம் பத்தாம தேடிகிட்டு இருக்கு கண்ணு.

தண்டு வெளிச்சத்த பாத்து வளையற வேல பெரும்பாலும் அதோட இருட்டு பக்கத்துலதான் நடக்குது. செல் சவ்வுல போட்டோட்ராப்பின்னு ஒரு புரதம் இருக்கு, நீல ஒளி பட்டதும் அது வேலைய ஆரம்பிச்சிரும், ஒடனே ஆக்ஸின்ங்கற வளர்ச்சி ஹார்மோன் வெளிச்ச பக்கத்துலேருந்து எதிர்ப்பக்கம் போய் சேரும். சேந்த எடத்துல செல்லுங்க புரோட்டான வெளிய தள்ளும், செல் சுவர் அமிலமாகி எளகிரும், உள்ள இருக்கற தண்ணியோட அழுத்தத்துல செல் நீளும், ஒரு பக்கம் மட்டும் நீண்டா தண்டு வளைஞ்சுதானே ஆகணும்? டார்வினும் அவர் பையன் பிரான்சிஸும் புல் முளையோட நுனிய மூடி மூடிப் பாத்து, வெளிச்சத்த உணர்றது நுனி, வளையறது அதுக்குக் கீழன்னு 1880லயே எழுதிட்டாங்க, அப்ப ஆக்ஸின்ங்கற பேரே கெடையாது. அப்பனும் புள்ளையும் சேந்து செஞ்ச வேலைங்கறதால எனக்கு அதுமேல தனிப் பிரியம்.

நம்ம ஏற்காட்டுல வேற கத. எஸ்டேட்டுல சில்வர் ஓக் அடியில தானா மொளைச்ச செடிங்க ஒல்லியா மேல போறத நீயே பாத்திருக்க. மேல இருக்கற எலைங்க சிவப்பு ஒளிய, அதாவது அலைநீளம் 660 நானோமீட்டர் பக்கம் இருக்கறத, சாப்பாட்டுக்கு எடுத்துக்கும், 730 பக்கம் இருக்கற தூரச் சிவப்ப பெரும்பாலும் கீழ விட்டுரும். செடிக்குள்ள பைட்டோகுரோம்னு ஒளிய உணர்ற ஒரு புரதம் இருக்கு, அது சிவப்புல வேல செய்யற வடிவத்துக்கு மாறும், தூரச் சிவப்புல திரும்பப் பழைய வடிவத்துக்கு வந்துரும். அந்த கணக்க வெச்சுத்தான் தலைக்கு மேல இன்னொரு செடி இருக்குன்னு அதுக்குப் புரியுது, ஒடனே எலைய விட்டுட்டு தண்ட நீட்ட ஆரம்பிச்சிரும். கண்ணே இல்லாத ஒண்ணு பக்கத்துல யார் இருக்காங்கன்னு நெறத்த வெச்சு கண்டுபிடிக்குது, இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும்.

ஒனக்கு அங்க மேல மரமெல்லாம் கெடையாது, ஜெர்மனியில டிசம்பர் வெயிலே கம்மி அவ்வளவுதான். தொட்டிய தெக்கு பாத்த ஜன்னலுக்கு மாத்து, ரெண்டு நாளைக்கு ஒருக்கா திருப்பி வை. ஆனா திருப்பி வெச்சா நேரா நிக்குமே தவிர பலம் வராது, அதனால ஒரு வெள்ள எல்இடி லைட்டு வாங்கி செடிக்கு மேல ஒரு ஜாண் ஒசரத்துல கட்டிரு, ராத்திரி மட்டும் மறக்காம அணைச்சிரு.

அப்பா