கைவேலைக்குக் கிடைத்த பதக்கங்கள் நம் பள்ளிக்கு வருகின்றன

சேலம்
1 ஜூலை 2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஜூலை 15, 16 தேதிகளில், செவ்வாயும் புதனும், நம் பள்ளி நூலக அறையில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். 15ஆம் தேதி உலக இளைஞர் திறன் நாள். 17ஆம் தேதி ஆடி பிறந்துவிடும். அதன்பின் கோட்டை மாரியம்மன் திருவிழா, பதினெட்டாம் பெருக்கு என்று உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் முன்கூட்டியே இந்த இரண்டு நாட்கள். மாலை 4 முதல் 7 மணி வரை பெற்றோருக்கு மட்டும். பட்டறையிலிருந்தோ தறியிலிருந்தோ வேலை உடுப்போடு அப்படியே வாருங்கள்.

காட்சிக்கு வருபவை உலகத் திறன் போட்டிகளின் பதக்கங்களும் நினைவுப் பொருட்களும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நம் பள்ளியின் பழைய மாணவர், இவற்றைப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அசல் பதக்கங்கள் மூன்று இருக்கின்றன. சட்டையில் குத்தும் பின்கள் நாற்பதுக்கு மேல். போட்டியாளர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகள், நிகழ்ச்சிக் கையேடுகள், வெல்டிங் பிரிவுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வரைபடம், சில அஞ்சல்தலைகள். ஒரு தகரப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொண்டுவந்தார்.

இந்தப் போட்டியைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கும் போன வருடம் வரை தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, ‘வேர்ல்ட் ஸ்கில்ஸ்’ என்று பெயர். 1950இல் மாட்ரிட் நகரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஆளுக்குப் பன்னிரண்டு பேரை இறக்கித் தொடங்கினார்கள். மொத்தம் 24 இளைஞர்கள். 1970இல் டோக்கியோவுக்கு வந்தபோதுதான் முதல் முறையாக ஆசியாவில் கால் வைத்தது. 1978இல் தென்கொரியாவின் பூசானில் நடந்தபோது அந்த நாடு அஞ்சல்தலையே வெளியிட்டது. அது பெரியவரின் பெட்டியில் இருக்கிறது. கடைசியாக 2024 செப்டம்பரில் பிரான்சின் லியோனில் 59 தொழில்களுக்குப் போட்டி நடந்தது. அடுத்தது 2026இல் ஷாங்காயில்.

என்னென்ன தொழில்கள் தெரியுமா? செங்கல் கட்டுவது, குழாய் வேலை, தச்சு, வெல்டிங், ரொட்டி சுடுவது, முடி வெட்டுவது, காருக்குப் பெயிண்ட் அடிப்பது, நகை வேலை. நம் வீதியில் இருக்கும் வேலைகள்தான். பெரும்பாலான பிரிவுகளில் 22 வயதுக்கு மேல் கலந்துகொள்ள முடியாது. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு. நான்கு நாள் வேலை. வெல்டிங் பிரிவில் ஒரு அழுத்தக் கலனைப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். அதில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு சொட்டு கசிந்தால் மார்க் போய்விடும். வரைபடத்தைப் பார்த்த நம் வாட்ச்மேன் அண்ணன் (முன்பு லேத் பட்டறையில் இருந்தவர்) பத்து நிமிடம் அதை விட்டு நகரவே இல்லை.

பதக்கங்களில் தங்கம், வெள்ளி, வெண்கலம் உண்டு. ஆனால் பெரியவர் ஆசையாக எடுத்துக் காட்டியது நான்காவதாக ஒன்றை. ‘மெடாலியன் ஃபார் எக்ஸலன்ஸ்’ என்கிறார்கள், மேன்மைப் பதக்கம் என்று நாம் சொல்லலாம். முதல் மூன்று இடத்தில் வராவிட்டாலும், 700 புள்ளி என்ற தரத்தை எட்டிய ஒவ்வொருவருக்கும் அது கிடைக்கும். பத்துப் பேர் எட்டினால் பத்துப் பேருக்கும். லியோனில் இந்தியாவுக்கு நான்கு வெண்கலமும் பன்னிரண்டு மேன்மைப் பதக்கங்களும் கிடைத்தன. நாம் நான்கு என்றுதான் எண்ணுவோம். அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர். பரீட்சை முடிவு வந்த அன்று ‘எத்தனாவது ரேங்க்’ என்றுதான் வீட்டில் முதல் கேள்வி வருகிறது, பள்ளியிலும் அப்படித்தான் கேட்கிறோம். வேலையின் தரம் என்ன என்று கேட்கப் பழக வேண்டும் என எங்கள் ஆசிரியர் கூட்டத்திலும் பேசியிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கமிருந்து வரும் வெள்ளிப் பட்டறைக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. 2019இல் ரஷ்யாவின் கசானில் இந்தியாவுக்கு இந்தப் போட்டியின் முதல் தங்கம், தண்ணீர்த் தொழில்நுட்பப் பிரிவில் கிடைத்தது. அதே கசானில், நகை வேலைப் பிரிவில் நம் நாட்டு இளைஞர் வெண்கலம் வாங்கினார். வரைபடத்தைப் பார்த்து, அறுத்து, ராவி, ஊதிப் பற்றவைத்து, மெருகேற்றும் வேலைக்கு உலகம் கொடுத்த பதக்கம் அது. கொலுசு செய்யும் கைக்கு இதில் எது அந்நியம்?

பெட்டியை முதன்முதலில் என் அறையில் திறந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வருகைப் பதிவேட்டோடு வந்து நின்றாள். பார்க்கிறாயா என்று ஒரு பதக்கத்தைக் கொடுத்தேன். எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் திருப்பி, ரிப்பன் கோத்த வளையத்தைப் பார்த்தாள். “டீச்சர், இது வார்த்தது இல்ல, அச்சுல அடிச்சது. வளையத்தை மட்டும் தனியா பொடி வெச்சு ஊதிப் பத்தவெச்சிருக்காங்க, இதோ கொஞ்சம் வழிஞ்சிருக்கு” என்றாள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவ்வளவு வருடம் அது அவர் கையில் இருந்தும் அந்த வழிசல் கண்ணில் பட்டதில்லை. “யாரம்மா சொல்லிக்கொடுத்தது” என்று கேட்டார். “அப்பா பட்டறையில பார்த்திருக்கேன் ஐயா” என்று சொல்லிவிட்டு, சொன்னதே தப்போ என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். தறி, பட்டறை, கொத்து வேலை என்று எழுதத் தயங்குகிறோம். பிள்ளைகள் அந்தத் தயக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். இதில் எனக்கும் பங்கு உண்டு. பல வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில் பத்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது, மெக்கானிக்கல் தொழிற்கல்விப் பிரிவு கேட்டு மகனோடு வந்த ஒரு தந்தையிடம், “நல்ல மார்க் எடுத்திருக்கான், அதுல எதுக்குப் போடுறீங்க” என்று நான்தான் சொன்னேன். அந்தப் பையனின் நோட்டில் கடைசிப் பக்கமெல்லாம் மோட்டார் படம். அறிவியல் பிரிவில் சேர்ந்தான், பாதியில் நின்றுவிட்டான். இன்று அந்தத் தந்தை எதிரே வந்தால் மன்னிப்புக் கேட்பேன். 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. மார்க் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாக அதை ஆக்கியது நாம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விட்டதும் பிள்ளையைப் பட்டறையில் உட்காரவைத்து வேலை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கூலிக் கணக்குக்காகப் பிள்ளையின் படிப்பையும் தூக்கத்தையும் எடுப்பதை நான் என்றும் ஏற்கமாட்டேன். கற்றுக்கொள்வது வேறு, வேலைக்கு வைப்பது வேறு. அந்தப் பெண் பார்த்துக் கற்றாள். அது போதும்.

இனி உங்களிடம் கேட்பது. பதக்கங்களுக்குப் பக்கத்தில் இரண்டு மேசை காலியாக விட்டிருக்கிறோம். அது உங்கள் வீட்டுக் கருவிகளுக்கு. சாமணம், ஊதுகுழல், கம்பி இழுக்கும் ஓட்டைத் தகடு, தறி நாடா, கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், ஏற்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் காப்பிச் செடி கவாத்து செய்யும் கத்தி, எதுவானாலும் சரி. பழையதாக, கைபட்டுத் தேய்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. யாருடையது, எத்தனை வருடம் புழங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். கூர்மையானவற்றைப் பிள்ளைகள் பையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுவந்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வெள்ளி, தங்கம் எதுவும் வேண்டாம். காவல் வைக்க எங்களுக்கு வசதி இல்லை.

பின்களைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று பெரியவர் அனுமதித்திருக்கிறார். இந்தப் போட்டிக்கு வரும் இளைஞர்கள் தங்கள் நாட்டுப் பின்னை மற்ற நாட்டவருக்குக் கொடுத்து அவர்களுடையதை வாங்கிக்கொள்வது வழக்கமாம். கொடுக்க உருவானவை, பூட்டி வைக்கக் கூடாது என்கிறார். மூன்று பதக்கங்கள் மட்டும் கண்ணாடிக்குள் இருக்கும், அவற்றின் பின்பக்கம் தெரியும்படி அடியில் ஒரு நிலைக்கண்ணாடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

16ஆம் தேதி மாலை 5 மணிக்கு, மேலே சொன்ன மாணவியின் தந்தை வந்து, பொடி வைத்து ஊதுவது எப்படி என்று செய்து காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். தறி, கொத்து, வெல்டிங், தச்சு, சமையல் வேலை தெரிந்த மற்ற பெற்றோரும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தால், ஜூலை 11 வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். அம்மாக்களும் கொடுக்க வேண்டும். நெருப்பு வேலைகளுக்கு மைதானத்து வேப்பமரத்தடியில் இடம் ஒதுக்கி, மணல் வாளியும் தண்ணீரும் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்