நீலத் தொப்பி அண்ணாவுக்கு நன்றி

கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நீளம் பாய்தல். எங்கள் பிள்ளை முதல் இரண்டு பாய்ச்சலும் ஃபவுல். மூன்றாவதும் ஃபவுலானால் ஒரு அளவும் பதிவாகாமல் வெளியே வரவேண்டியதுதான்.

அண்ணா, வேலிக்கு அப்பால் நின்றே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்: பின்காற்று தள்ளுகிறது, ஓடிவரும் கவடுகள் (எட்டுகள்) நீளுகின்றன, 20 செ.மீ. அகல மிதிபலகையைத் தாண்டிப் பெருவிரல் போகிறது. "கடைசியில கவட்டைக் குறுக்காத தங்கச்சி, வேகம் செத்திடும். தொடக்க அடையாளத்தைப் பின்னுக்கு வை" என்றீர்கள். நாடா இல்லை, ஒன்றரைப் பாதம் காலாலேயே அளக்க வைத்தீர்கள். புது அடையாளத்துக்கு ஒட்டிய பிளாஸ்டரும் உங்களுடையது. முதல் கவட்டை எப்போதும் ஒரே காலால், ஒரே நீளத்தில் எடுக்கச் சொன்னீர்களே, அதுதான் பெரிய உதவி.

பாய்ச்சல் சரியென்று வெள்ளைக்கொடி உயர்ந்தது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை. அந்தப் பிளாஸ்டர் துண்டு இப்போது அவளுடைய சப்பாத்துப் பையில் ஒட்டியிருக்கிறது, அண்ணா.