மூன்று அங்குலம் இறங்கிய கூரை

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்.

வெட்டிவிட்டேன். ஆம், அந்த 1950ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப்பின் கூரையைத்தான், மூன்று அங்குலம் இறக்குவதற்காக. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று நீ எச்சரித்தாய். ஓணான் இப்போது மடியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. கரூரில் நீ வெறும் அடிச்சட்டமான சேஸின் மேல் பேருந்துக்கு உடம்பு கட்டி உயர்த்துகிறாய், நான் இங்கே கலிபோர்னியாவில், ஏற்கெனவே இருக்கிற ஓட்டுநர் கேபினை அறுத்துக் குள்ளமாக்குகிறேன். நம் வாத்தியார் கேட்டால் இருவரையும் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார்.

எதற்காக இந்த வேலை என்று நீ கேட்டதற்கு நேர்மையான பதில், அழகுக்காக என்பதுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன் மோஹாவி பாலைவனத்தின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிப் பந்தயம் விட்ட இளைஞர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைத் தள்ளத் தேவைப்படும் குதிரைத்திறன் எட்டு மடங்காகும். ஆகவே காற்றில் முட்டும் பரப்பைக் குறைக்கக் கூரையை இறக்கினார்கள். போருக்குப் பின், வண்டிகளின் உருவத்தை மாற்றியமைக்கும் சாம் பாரிஸ் தன் 1949 மெர்குரி காரின் கூரையை இறக்கிய காலத்தில், வேகம் பின்னுக்குப் போய்த் தோற்றமே நோக்கமாகிவிட்டது. என் வண்டியில் இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். அது ஓடுகிற வேகத்துக்குக் காற்று அதைப் பொருட்படுத்தவே போவதில்லை.

வண்டியைத் தேடும்போதே இந்த வேலையை மனத்தில் வைத்துத்தான் தேடினேன். மூலைக் கண்ணாடிகள் உள்ள ஐந்து ஜன்னல் கேபினைத்தான் எல்லோரும் விரும்புவார்கள். அந்தக் கண்ணாடிகள் வளைந்தவை என்பதால் அதன் பக்கமே நான் போகவில்லை. 1951இல் கதவில் முக்கோணச் சிறு ஜன்னல் வந்துவிட்டது. அதன் சட்டத்தையும் அறுத்துக் குறுக்கும் தலைவலி 1950 மாதிரியில் கிடையாது. முன்கண்ணாடியும் நடுவில் சட்டம் வைத்த இரண்டு தட்டைத் துண்டுகள்தான்.

முதல் வேலையாக பெட்ரோல் டேங்கை வெளியேற்றினேன். இந்த வண்டியில் அது கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு கிரைண்டரைத் தொட்டிருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. பிறகு கதவுகளைக் கீல்களிலேயே மூடியபடி விட்டு, கேபினுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்களைப் பற்றவைத்தேன். கூரை போய்விட்டால் கேபின் தன் வடிவத்தை மறந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் எந்தச் சட்டத்திலும் உட்காராது. பின் ஜன்னல் ஏற்கெனவே சிறியது, அதையும் குறுக்கினால் தபால் பெட்டியின் வாய்தான் மிஞ்சும். ஆகவே அதைச் சுற்றி வெட்டி, முழு உயரத்தோடு இறக்கி, அதற்குக் கீழிருந்த தகட்டில் அந்த மூன்று அங்குலத்தை எடுத்தேன்.

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த கணக்குக்கு வருகிறேன். கூரையைத் தாங்கும் தூண்கள் செங்குத்தாக நின்றால் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டு மேலே இருப்பதைக் கீழே வைத்தால் போதும். ஆனால் முன்தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஒரு தூண் 15 பாகை சாய்ந்திருந்தால், மூன்று அங்குலம் இறக்கும்போது மேல் துண்டின் கால் ஏறக்குறைய 0.8 அங்குலம் தள்ளிப்போய் நிற்கும். கீழ் உடம்புக்கு மேலே இருக்கும் தொப்பி எல்லாப் பக்கமும் சின்னதாகிவிடுகிறது. கூரையைச் சிலுவையாகப் பிளந்து நடுவில் பட்டைத் தகடுகளைச் செருகி அகலப்படுத்துவது ஒரு வழி. அதில் கூரையின் நட்டநடுவில் நீளமான பற்றவைப்பு வந்து சேரும். தூண்களின் அடியில் கீறல் போட்டுச் சாய்வை மாற்றி, மேலே இருப்பதோடு சந்திக்க வைப்பது இன்னொரு வழி. அதில் கூரை தப்பிக்கும், ஆனால் முன்கண்ணாடியின் சட்டமும் கதவின் மேற்பாதியும் புதிய கோணத்துக்கு ஒத்துப்போக வேண்டும். முன்பின்னாக உள்ள வித்தியாசத்துக்கு நான் தூணைச் சாய்த்தேன். அகலவாட்டத்தில் எவ்வளவு சாய்த்தாலும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது, அதற்குப் பிளப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் தனிக் கதை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடியை இருபுறமும் கீறி வெட்டலாம். சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில் கீறல் பட்டால் மொத்தமும் பொடியாகும். இதை எனக்கு முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் தன்னிடம் ஆள் இல்லை என்று அனுப்பிவைத்தார்.

தெருவில் உள்ளவர்கள் ஐந்து அங்குலம் எடு, அப்போதுதான் கம்பீரம் என்றார்கள். நான் ஆறடி என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. டேங்கைப் பின்னால் சேஸ் சட்டங்களுக்கு நடுவே கொண்டுபோவதால் இருக்கையைச் சற்றுப் பின்தள்ளி, தாழ்த்தி, முதுகைச் சாய்க்க முடியும். அந்த இடத்துக்குள் அடங்குவது மூன்று அங்குலம்தான். அதற்கு மேல் போனால் சாலைக்கு மேலே தொங்கும் சிக்னல் தெரியாது. சிலர் முன்பலகையில் பட்டகக் கண்ணாடி ஒன்றை ஒட்டி அதில் விளக்கைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சேகர். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பது இந்தத் தூண்கள்தான். வெளியே அழகாகத் தேய்த்து, உள்ளே பாதி ஆழம் மட்டும் பிடித்த ஒரு பற்றவைப்பில் என் மகளை உட்கார வைக்க மாட்டேன். அதனால் ஒவ்வொரு தூணுக்குள்ளும் உலோகத் துண்டு செருகி, வெட்டுகள் ஒரே மட்டத்தில் வராதபடி படிப்படியாக மாற்றி அமைத்திருக்கிறேன். என் கேபினின் கூரை விளிம்பும் கீழ் மூலைகளும் துருவில் போயிருந்தன. முழுசாகப் பிழைத்திருக்கும் பழைய கேபினாக இருந்தால் நான் கத்தி வைத்திருக்க மாட்டேன், வைப்பவர்களையும் எனக்குப் பிடிக்காது.

இப்போது கூரை, தற்காலிகமாக ஆங்காங்கே பற்றவைத்த டேக் புள்ளிகளில் நிற்கிறது. இனி உன் உதவி வேண்டும். உன் பேருந்துக் கூரைத் தகடு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வளைகிறது. இது இரு வாட்டமும் வளைந்த தகடு, கனம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சூடு ஒரே இடத்தில் ஏறினால் அலை அலையாக நெளிந்துவிடும், பிறகு பட்டியை அப்பித்தான் மறைக்க வேண்டியிருக்கும். ஒரு அங்குலம் பற்றவைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் தாவி வருகிறேன். உன் பட்டறையின் மூத்த டிங்கர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவாரா, ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவாரா? ஒவ்வொரு புள்ளியையும் சூட்டோடு தட்டுவாரா, ஆறியபின் தட்டுவாரா? அவரிடம் கேட்டு விவரமாக எழுது. உன் சொந்தக் கருத்தைத் தனியாக எழுது, இரண்டையும் கலக்காதே.

அன்புடன்,
உன் ஆறடி