கரையில் காத்திருப்பவன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்துவிட்டது என்று படித்தபோது உண்டான மகிழ்ச்சியை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதைக் கடற்கரைக்கு அழைத்துப் போகலாமா, கடலில் இறக்கலாமா, நீ அலைச்சறுக்குப் பலகையோடு கடலுக்குள் போகும்போது அதை என்ன செய்வது என்றெல்லாம் நீ கேட்டிருந்ததற்கு ஒரே வரியில் பதில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டாயம் அழைத்துப் போ. கடல் வற்றியிருக்கும் காலை வேளையில், தண்ணீர் இறங்கிய இடத்தில் இறுகிக் கிடக்கும் ஈரமணலில் நாயோடு நடக்கும் சுகத்துக்கு ஈடாக நான் வேறொன்றையும் கண்டதில்லை. அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசி வரிசையைத்தான் என் நாய் மணி முதலில் முகர்ந்து பார்ப்பான். பிறகு நண்டு வளைக்குள் மூக்கை நுழைத்து ஒருமுறை பலமாக ஊதுவான், மணல் தெறிக்கும், தும்முவான், மறுபடியும் அதே வளைக்குள் மூக்கை விடுவான். அந்தப் பாசி வரிசையில் மட்டும் உன் கண் குட்டிக்கு முன்னால் போக வேண்டும். கரையொதுங்கிய, உடலில் நஞ்சுள்ள பேத்தை மீனை நாய் கடித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. செத்துக் கிடக்கும் சொறிமீனும் (ஜெல்லி மீன்) கொட்டும். வெயில் ஏறிய பிறகு மேட்டு மணலில் நடத்தாதே. புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் பொறுக்காது.

நாய்களை அனுமதிக்கும் கடற்கரை என்றால் எல்லா நாளும் எல்லா நேரமும் அனுமதி என்று எண்ணிவிடாதே. பிரிட்டனின் பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களுக்குத் தடை உண்டு. வேறு சில இடங்களில் காலையும் மாலையும் மட்டும் விடுவார்கள், அதுவும் வார் கட்டித்தான். குளிக்க வருகிறவர்களை எண்ணிச் செய்த ஏற்பாடு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் உப்புக்கொத்திப் பறவைகள் கூடு கட்டாமல் வெறும் மணலைச் சற்றே குழித்து முட்டையிடுகின்றன என்பதையும், அந்த முட்டை மணலின் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது என்பதையும் அறிந்த பிறகு எனக்கு அந்தச் சலிப்பு வந்ததில்லை. நாய் துரத்தாமல் பக்கத்தில் ஓடினாலே தாய்ப்பறவை எழுந்துவிடும். அது திரும்பி வரும்வரை முட்டை வெயிலில் கிடக்கும்.

இனி கடலுக்கு வருகிறேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். மணிக்குப் பத்து மாதம் இருக்கும்போது, ஒரு விடியற்காலையில், "இரு" என்று அவனைப் பையருகே உட்காரவைத்துவிட்டுப் பலகையோடு கடலுக்குள் போனேன். கால்மணி நேரம் அசையாமல் இருந்தான். அடுத்தடுத்து வந்த பெரிய அலைகளில் ஒன்று என்னைக் கவிழ்த்தது. நான் மேலே வந்து பார்த்தபோது கரையில் பை மட்டும் கிடந்தது. அலை உடையாமல் அமைதியாகக் கறுத்துக் கிடந்த ஓர் இடைவெளி வழியாக அவன் நீரில் இறங்கியிருந்தான். கரையில் மோதிய தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடும் இழுப்பு அங்கேதான் இருக்கும். பார்ப்பதற்கு அதுவே பாதுகாப்பான இடமாகத் தோன்றும். தலை மட்டும் தெரிய, முகம் என் பக்கமே இருக்க, அவன் வேகமாக ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் எட்டிப் பிடித்துப் பலகையில் ஏற்றியபோது அவன் நகங்கள் என் முன்கையில் பதிந்தன; வெகுநேரம் எடுக்கவே இல்லை. இழுப்பை எதிர்த்து நேராகக் கரைக்கு வராமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துடுப்பிட்டு, அலை உடையும் இடத்தை அடைந்த பிறகுதான் இருவரும் கரையேறினோம். குடித்திருந்த உப்புநீர் அத்தனையையும் அவன் கக்கினான்; அன்று இரவு முழுவதும் மருத்துவர் அவனைத் தம் கண்காணிப்பிலேயே வைத்திருந்தார்.

நான் அலையில் மறைந்ததைப் பார்த்து என்னைத் தேடித்தான் அவன் இறங்கினான் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் நீ அலைக்குப் போகும்போது உன் குட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டு கரையில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஆளில்லை என்றால் பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டு நாயோடு மட்டும் போ. நான் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

நீந்தவிடும்போது முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை அவசியம். ஆபத்தில் நாயைத் தூக்க அந்தக் கைப்பிடியைப் போல் வேறெதுவும் உதவாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பந்தைக் கவ்வி வரும் ஒவ்வொரு தடவையும் நாய் ஒரு வாய் விழுங்கும். அதிகமாகப் போனால் வாந்தியும் கழிச்சலும் கண்டு, வலிப்புவரை போகக்கூடும். கால்மணிக்கு ஒருமுறை வெளியே அழைத்து நல்ல தண்ணீர் கொடு. திரும்பும்போது உப்புப் போகக் கழுவி, காதின் உட்புறத்தைத் துடைத்து உலரவிடு.

நாயைப் பலகையில் ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். கலிபோர்னியாவின் பசிபிகாவில் 2016 முதல் நாய்களுக்கென்றே உலக அலைச்சறுக்குப் போட்டி நடக்கிறது. விரும்பி ஏறும் நாய்கள் இருக்கின்றன. மணி அந்த வகை இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. உன் குட்டி விரும்பினால் மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் பலகையில், முழங்காலளவுத் தண்ணீரில், நுரை அலையில் தொடங்கு. பலகையை உன் காலோடு இணைக்கும் கயிற்றை நாயின் உடம்பில் ஒருபோதும் கட்டாதே.

மணி வளர்ந்துவிட்டதால் அவனுடைய முதல் மிதவைச் சட்டை சும்மா கிடக்கிறது, கைப்பிடித் தையல் உறுதியாகவே இருக்கிறது. குட்டியின் மார்புச் சுற்றளவை முன்கால்களுக்குப் பின்னால் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. பொருந்தும் என்றால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்