கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கடிதம்

அன்பின் மச்சானுக்கு,

கண் சத்திரசிகிச்சை முடிந்து நீ திரும்பவும் வாசிக்கத் தொடங்கிவிட்டாய் என்று தங்கச்சி சொன்னா. மனம் நிறைந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று சொன்னேனே, அவருடைய மகன் இப்போது தரம் 10. தாய் முன்பே இறந்துவிட்டா. அம்மம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டு அவனைப் பார்க்கிறா. செத்தவீட்டு வாரம் கொப்பி, சப்பாத்து என்று வந்து குவிந்தன; புத்தகப் பை மட்டும் மூன்று. இன்றைக்குக் கணித கிளாஸுக்குக் காசில்லை. 1945இலிருந்து இலவசக் கல்வி, பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது, எல்லாம் சரி. டியூஷன் இல்லாமல் கொழும்பில் ஓ.எல். பரீட்சை எடுப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியாததா? வழக்குத் தவணையும் பாடசாலை நாளில்தான் வருகிறது. அன்றைக்கு அம்மம்மாவுக்குத் தொழில் இல்லை, அவனுக்குப் பாடமும் இல்லை.

அதைவிட என்னை வாட்டுவது வேறொன்று. வகுப்பில் ஒருவன், "உன்ட அப்பா எந்தக் கோஷ்டி?" என்று கேட்டிருக்கிறான். அதோடு இவன் பின் வாங்குக்குப் போய்விட்டான். 2019 உயிர்த்த ஞாயிறில் கொச்சிக்கடைக் கோயில் குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக ஊரே அழுதது. சூட்டில் தகப்பனை இழந்தவனைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வருகிறது. தகப்பன் யாராகவும் இருக்கட்டும், பிள்ளை என்ன பாவம் செய்தது? குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டமே கொல்லப்பட்டவரின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டோராகத்தான் கொண்டது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. நட்டஈடு பற்றிக் கேட்க அம்மம்மாவை ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போகிறேன்.

நம் பழைய மாணவர்கள் சிலர் ஏ.எல். முடியும்வரை மாதாமாதம் கிளாஸ் காசு கட்டச் சம்மதித்திருக்கிறார்கள். மேடையேற்றிப் படம் பிடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் பிள்ளை நிறையப் பாடம் தவறவிட்டிருக்கிறான், அட்சரகணிதத்தில் அடித்தளமே ஆட்டம். வவுனியாவில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நீ. சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம் சூமில் அவனோடு இருப்பாயா? அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்காதே, கணக்கை மட்டும் பார். என் பழைய டேப்லெட்டை அவனுக்குக் கொடுக்கிறேன். எத்தனை மணி உனக்கு வசதி என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்