வுடி கேப் சனிக்கிழமைகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கும்,

ஸ்தோத்திரம். வடக்கு ஜார்ஜியாவின் வுடி கேப் கணவாயில், மலைப்பாதையில் நடந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடும் டீயும் கொடுத்து நாம் செய்துவந்த நடைபயணிகள் ஊழியம் இந்த வருஷத்துக்கு நல்லபடியாக முடிந்தது. மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, கொட்டும் மழையில் நாம் போன அந்தச் சனிக்கிழமை உட்பட, ஒரு வாரமும் விட்டுப்போகவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தவர்களுக்கு அங்கேயே வாய் நிறைய நன்றி கிடைத்துவிட்டது. கை கழுவத் தண்ணீர் சுமந்தவர்கள், அடுத்தவர் குப்பையைத் தங்கள் காரில் ஏற்றி அந்த வாடையோடு அட்லாண்டாவரை வந்தவர்கள், ராத்திரி உட்கார்ந்து அண்டா தேய்த்தவர்கள், இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த மடல் முதலில் அவர்களுக்கு. அடுத்த வருஷம் சேர்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், எதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நெடும் நடைபாதை ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது. சுமார் 2,190 மைல். முழுவதையும் ஒரே பயணமாக நடக்கக் கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் போய்ச் சேருகிறார். வடக்கு நோக்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில் கிளம்பி, 20 மைல் நடந்து, இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் வுடி கேப்பில் தார்ச்சாலையைக் கடக்கிறார்கள்.

இந்த இருபதாவது மைல் என்பதுதான் சமையலுக்குக் கணக்கு. ஹைக்கருக்கு அகோரப் பசி என்று எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தப் பசி பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்தில் உடம்பு அலுத்துப்போய்ப் பலருக்குச் சோறே இறங்காது. உப்பும் புளிப்புமாகக் கொஞ்சம் சாப்பாடு, பழம், சூடாகக் குடிக்க ஏதாவது, முதுகு சாய ஒரு நாற்காலி, இவைதான் அங்கே எடுபடும். இதைப் புரிந்துகொண்டு ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றிருந்த கணக்கை 100 கிராமாகக் குறைத்த பெண்கள் ஐக்கியத்துக்கு நன்றி. 40 பேருக்கு 4 கிலோ சோனா மசூரியில் எலுமிச்சை சாதம், அவித்த முட்டை 60, அதோடு வாழைப்பழமும் ஆரஞ்சும். முதலில் காலியானது எப்போதும் ஆரஞ்சுதான்.

வேர்க்கடலையைத் தாளிப்பில் போடாமல் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு வைத்தீர்கள். கடலை ஒவ்வாதவர்கள் எங்கேயும் இருப்பார்கள். அதைவிட நுணுக்கம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். குளூட்டன் சேராத ஒருவர் "சோறுதானே" என்று நம்பிச் சாப்பிட்டால் அடுத்த இரண்டு நாள் காட்டுக்குள் படாத பாடு படுவார். பெருங்காயமே இல்லாமல் தாளித்து, என்னென்ன சேர்த்தது என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி வைத்த அக்காவுக்குத் தனி நன்றி. சீக்கிரம் கெட்டுப்போகும், தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே.

சோறு கெடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால்தான் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது. ஒரே பெரிய ஹாட் பேக்கில் எடுத்துப்போனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மொத்தச் சோறும் ஆறும். இரண்டு சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, வெந்நீர் ஊற்றிப் பெட்டியை முதலில் சூடாக்கி, ஒன்று காலியாகும்வரை மற்றதைத் திறக்காமல் வைத்ததும், அரைமணிக்கொரு முறை தெர்மாமீட்டர் குத்திப் பார்த்ததும் நல்ல ஏற்பாடு. சூடு இறங்கி இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய சோற்றை மனசு கேட்காவிட்டாலும் கொட்டத்தான் வேண்டும். கொட்டினீர்கள்.

அடுப்பு கொடுத்த அண்ணனுக்கு நன்றி. மேசைமேல் வைக்கும் சின்ன அடுப்புகளில் வருவது பியூட்டேன். அது 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகவே ஆகாது. டப்பா நிறைய வாயு இருக்கும், சுடர் மட்டும் மினுக் மினுக்கென்று செத்துக்கொண்டிருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். 3,100 அடி உயரத்தில் மார்ச் மாத விடியலில் டீ கொதித்ததற்கு அந்த 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர்தான் காரணம். புதியவர்களுக்கு அளவு: 50 கப்புக்குப் பால் ஒரு கேலன், தண்ணீர் அதே அளவு, டீத்தூள் 125 கிராம், இஞ்சி 100 கிராம். சர்க்கரை தனியாக. ஏலக்காயை மறக்க வேண்டாம்.

இனி கை கழுவும் மேசை. மலைப்பாதைக்காரர்கள் கரடியைவிடப் பயப்படுவது நோரோவைரசுக்கு. வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக ஒருவருக்கு வந்தால், அவர் தங்கும் கொட்டகையில் பத்துப் பேருக்குத் தொற்றும். இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் சானிட்டைசர் சரிப்படாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. சானிட்டைசர் புட்டியை மட்டும் வைத்துவிட்டு மனநிறைவு அடைவது நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பு. குழாய் வைத்த 5 கேலன் தண்ணீர்க் கேன், கீழே வாளி, சோப்பு, காகிதத் துண்டு. இதைச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வைத்து, "முதலில் இங்கே" என்று சிரித்த முகத்தோடு கை காட்டிக்கொண்டே நின்ற தம்பிக்கு நன்றி. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் யாரும் கைவிடாதபடி இடுக்கியால் எடுத்துக் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். மேசை துடைக்க ஒரு கேலன் தண்ணீருக்குக் குறைந்தது 5 மேஜைக்கரண்டி பிளீச். துடைத்ததும் 5 நிமிடம் ஈரமாக விட வேண்டும், உடனே உலர்த்தினால் பயனில்லை. அழுக்குத் தண்ணீரைப் புதரில் ஊற்றாமல் மூடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களே, அது பெரிய காரியம்.

கால் பராமரிப்பில் இருந்த நர்ஸ் அக்காமாரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறோம். ஆளுக்கு ஒரு புதுக் கையுறை. கால் கழுவும் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, ஒருவர் முடிந்ததும் உறையை மாற்றி, தொட்டியையும் பிளீச்சால் துடைப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்குவரை துடைத்து, பதினைந்து நிமிடம் காற்றில் காயவிடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் திருடினால் கொப்புளத்துக்கு ஒட்டும் டேப் நிற்காது. ஊறிய தோலில் ஒட்டியது அரை மைலில் சுருண்டு, அதுவே இன்னொரு கொப்புளத்தை உண்டாக்கும். சின்னக் கொப்புளத்தை உடைப்பதில்லை. நடக்கவிடாத அளவு பெரிதானால் மட்டும், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு, ஒட்டாத துணி வைத்து அதன்மேல் டேப். டேப்பின் நாலு மூலையையும் கத்தரியால் வளைத்து வெட்டுவார்கள், கூர் மூலைதான் சாக்ஸில் மாட்டிப் பிரியும். கால்விரல் நகம் நீண்டிருந்தால் நேராக வெட்டிவிடுவார்கள். இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். கடைசியில் ஒரு ஜோடி காய்ந்த கம்பளி சாக்ஸ். சாக்ஸ் வாங்கிக் கொடுத்த குடும்பங்களே, உங்கள் காணிக்கை எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதம் கழுவுதல் என்றால் நமக்கு, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பெரிய வியாழன் நினைவுக்கு வரும். அதை அங்கே யாரும் பிரசங்கமாக்கவில்லை என்பதற்காகவும் நன்றி. நற்செய்திக் கைப்பிரதி கொடுக்கலாமே என்று கேட்டவர்களின் வாஞ்சை புரிகிறது. ஆனால் பல்துலக்கியின் கைப்பிடியையே வெட்டி எடை குறைக்கிற ஆட்களுக்குக் காகிதம் சுமை, அடுத்த முகாமில் அது அடுப்பெரிக்கப் போகும். ஜெபம் கேட்டவர்களுக்காக ஜெபித்தோம், கேட்காதவர்களுக்கு டீ கொடுத்தோம். "ட்ரெயில் மேஜிக்" என்ற சொல்லில் மேஜிக் வருகிறதே என்று முகம் சுளித்த மூத்தவருக்கு ஒரு வார்த்தை: மலையில் எதிர்பாராமல் கிடைக்கும் உபகாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அவ்வளவுதான், ஐயா. அப்படிச் சொல்லிக்கொண்டே அதிக நாற்காலி இறக்கியவரும் அவர்தான்.

மழை பெய்த சனிக்கிழமை விழிப்பாக இருந்த தம்பிமாருக்கு நன்றி. குளிரில் உடல்சூடு இறங்குகிறவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். நாக்குழறல், தள்ளாட்டம், ஜிப்பைக்கூடப் போட முடியாத விரல்கள், காரணமில்லாத எரிச்சல், இவைதான் அடையாளம். ஈர உடையை, முக்கியமாகப் பருத்தி உடையை, மாற்றிக் காய்ந்த கம்பளி சுற்ற வேண்டும். தெளிவாக விழுங்குகிறார் என்றால் சர்க்கரை போட்ட சூடான பானம் தரலாம். கைகாலைத் தேய்க்கக் கூடாது. நடுக்கம் நின்றும் குழப்பம் தீரவில்லை என்றால் அது தேறியதல்ல, மோசமானது. 911 அழைக்க வேண்டும். சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை முன்னதாகவே பார்த்து வைத்திருந்தீர்கள்.

கார் ஓட்டினவர்கள் பக்கத்து ஊரான டலோனிகாவுக்குக் கொண்டுபோனவர்களை அதே கணவாயில், அதே பக்கத்தில் கொண்டுவந்து விட்டீர்கள். ஒரு மைல்கூட விட்டுவிடாமல் நடக்க வேண்டும் என்று விரதம்போல் இருப்பவர்கள் உண்டு. இரண்டு பேராகப் போனது, காசு வாங்காதது, இருக்கையில் தார்ப்பாய் விரித்தது எல்லாம் சரி. தார்ப்பாய் காருக்கு ரொம்பவே தேவைப்பட்டது!

வழி சொன்னவர்களுக்கும் நன்றி. பாதையில் இன்னும் வடக்கே, ஜாரர்ட் கேப்பிலிருந்து நீல் கேப்வரை மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி இல்லாமல் இரவு தங்கக் கூடாது. பெட்டி இல்லாதவர்களுக்கு, அந்தப் பகுதிக்கு முன்னாலேயே, இங்கிருந்து 4 மைல் தள்ளியுள்ள லான்ஸ் க்ரீக்கில் தங்கி, மறுநாள் பிளட் மலையைக் கடந்து நீல் கேப்புக்கு இறங்கிவிடுங்கள் என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டினீர்கள். கரடி காரணமாகத்தான் ஐஸ் பெட்டியைப் பாதையோரம் நிரப்பி வைத்துவிட்டு வருவதையும் நாம் செய்வதில்லை. ஆளில்லாத பெட்டிக்கு முதலில் வருவது மனிதராக இருக்க வேண்டும் என்றில்லை. மனிதர்களின் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். கடைசி ஆரஞ்சுத் தோல்வரை பொறுக்கி, நடைபயணிகளின் குப்பைப் பைகளையும் வாங்கி ஏற்றிய வாலிபர் ஐக்கியமே, அந்த வாடைக்கு எங்கள் வணக்கம்.

தேசிய வனத்தில் 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் அனுமதி தேவை. அந்த எண்ணிக்கைக்குள் நம் கூட்டத்தை வைத்திருக்க, "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லப்பட்டும் கோபப்படாதவர்களுக்கும் நன்றி.

நம் சபைக்கு வெளியே ஒரு கடன் இருக்கிறது. 1930 முதல் ஜார்ஜியாவில் இந்தப் பாதையைப் பராமரித்துவரும் ஜார்ஜியா அப்பலாச்சியன் ட்ரெயில் கிளப்பின் தன்னார்வலர்கள், விழுந்த மரம் அறுத்து, 2 அங்குல அகலம் 6 அங்குல உயரத்தில் வழிகாட்டும் வெள்ளைக் குறி தீட்டி வைத்திருப்பதால்தான் நம்மிடம் டீ குடிக்க ஆள் வந்து சேருகிறது. அவர்களுடைய வேலை நாட்களில் மண்வெட்டி பிடிக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
நடைபயணிகள் ஊழியக் குழு

பி.கு.: யாருடையது என்று தெரியாத இரண்டு அண்டா மூடிகளும் ஒரு ஜல்லிக்கரண்டியும் சபைச் சமையலறையில் இருக்கின்றன. மூடி ஒன்றில் பெயர் வெட்டியிருக்கிறது, பாதி தேய்ந்துபோய் "...மணி" மட்டும் தெரிகிறது. நம் சபையில் மணிகள் ஐந்து பேர்.